புழுப் பெட்டிக்குச் சாம்பார் ஆகாது

சமையலறைக் கழிவை உரமாக்க மண்புழு வளர்க்கணும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது பெட்டியைப் பற்றித்தான். அது பெரிய விஷயமே இல்லை. வெளிச்சம் புகாத, மூடி போட்ட 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியிலும் பக்கத்திலும் சின்னத் துளைகள் போட்டு, கீழே ஒரு தட்டு வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில், ஈசூனில் என் வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வெயில் படாத மூலையில் இருக்கிறது. வெளியே நடைவழியில் வைத்தால் அண்டைவீட்டாருக்குப் பதில் சொல்லியே அலுத்துவிடும்.

புழு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்லும் சிவப்புப் புழு நம் ஊர் வெக்கையில் திணறும். ஆப்பிரிக்க மண்புழுவோ மலாயா நீலப் புழுவோ நமக்குச் சரி. அடுக்குமாடி புளோக்குக் கீழே தோண்டி எடுத்துவராதீர்கள். அந்த வகை மண்ணுக்குள் ஆழமாகப் போகிறது, பெட்டியில் தங்காது.

புழுவின் படுக்கைக்குப் பழைய தமிழ் முரசு நாளிதழைக் கிழித்து, முட்டை அட்டையும் தேங்காய் நார்த்தூளும் ஒரு கைப்பிடி மண்ணும் சேர்த்து நனையுங்கள். இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழணும், அவ்வளவு ஈரம்தான். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம்.

இனி தீனி. நம் சமையலறையில் இதுதான் சிக்கல், ஏனென்றால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் உப்பும் எண்ணெயும் புளியும். "ரசத்துத் தக்காளியைக் கழுவிப் போடலாமா அக்கா?" என்று தங்கச்சி கேட்டாள். கூடாதுடி. அடுப்பேறும் முன்னால் வெட்டி ஒதுக்கியதை மட்டும் போடணும்: கீரைத்தண்டு, பூசணித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலை, கோப்பிச் சக்கை, பொடித்த முட்டை ஓடு. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, மிளகாய், இறைச்சி, மீன், தயிர் எதுவும் வேண்டாம். பொடியாக நறுக்கி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் நார் இளகும், பழ ஈ முட்டையும் பெரும்பாலும் செத்துவிடும். குளிர் விட்டபின் ஒரு மூலையில் புதைத்து மேலே தாளால் மூடுங்கள். அரைக் கிலோ புழுவுக்கு ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு கைப்பிடி. போன தடவை போட்டது மறையாமல் அடுத்தது கிடையாது. நாற்றம் வந்தால் தீனி அதிகம், அல்லது ஈரம் அதிகம்; நிறுத்திவிட்டுக் காய்ந்த தாளைப் போட்டுக் கிளறுங்கள்.

எறும்புக்குப் பயந்து, பெட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது ஊர் வழக்கம். இங்கே அது டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில், அபராதத்துக்கும் வழி. ஸ்டாண்டின் கால்களில் வாஸ்லின் தடவுங்கள். கீழ்த்தட்டில் வடிவதையும் தினமும் கொட்டிவிடணும்.

மூன்று, நான்கு மாதத்தில் கறுப்பாக, மழை மண் வாசத்தோடு உரம் தெரியும். எல்லாவற்றையும் ஒருபக்கம் ஒதுக்கி, மறுபக்கம் புதுப் படுக்கையும் தீனியும் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் புழு தானாக இடம் மாறும். என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் கலக்கிறேன்.