பிரிட்டிஷ் அவல நகைச்சுவைப் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

கொலையையும் பிணத்தையும் தூக்குமேடையையும் வைத்துச் சிரிக்க வைக்கும் பிரிட்டிஷ் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆவலோடு ஒன்றைப் பார்க்கத் தொடங்கி, சிரிப்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடாமல் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சாவில் சிரிப்பைத் தேடியிருப்பார்கள். சாவு நடந்துகொண்டிருக்கும்போதும் தேநீர் ஊற்றுவதையும், நலம் விசாரிப்பதையும், எதிரே இருப்பவரை உரிய பட்டத்தோடு அழைப்பதையும் மனிதர்கள் விடாமல் செய்வதில்தான் இப்படங்களின் சிரிப்பு இருக்கிறது. கொலையைக் காட்டிலும் நாகரிகத்தைக் கவனிக்கப் பழகிவிட்டால், இந்த வகைப் படங்கள் முழுவதும் உங்களுக்குத் திறந்துகொள்ளும்.

முதல் படமாக 1949-இல் லண்டன் ஈலிங் ஸ்டுடியோ தயாரித்து, ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் தயங்க வேண்டாம். இந்த மரபு எதைக் கொண்டு இயங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஓர் இத்தாலியப் பாடகரை மணந்தாள் என்பதற்காக டாஸ்காயின் என்னும் உயர்குடிக் குடும்பம் தன் மகளை ஒதுக்கிவைக்கிறது; அவள் இறந்தபோது குடும்பக் கல்லறையில் இடம் தரவும் மறுக்கிறது. துணிக்கடையில் வேலை பார்க்கும் அவளுடைய மகன் லூயி, தனக்கும் அக்குடும்பத்தின் டியூக் என்னும் உயர்ந்த பிரபுப் பட்டத்துக்கும் இடையில் நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டக் கிளம்புகிறான்.

படத்தின் முதல் காட்சியிலேயே உங்கள் பயிற்சி தொடங்கிவிடுகிறது. அதற்குள் டியூக் ஆகிவிட்ட, மறுநாள் காலை தூக்கிலிடப்பட வேண்டிய லூயி சிறையில் அமர்ந்து தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறான். அங்கு வந்து சேரும் தூக்கிலிடுபவருக்கு இருக்கும் பெருங்கவலை, ஒரு டியூக்கை எப்படி விளித்துப் பேசுவது என்பதுதான். ஓர் உயிரை எடுக்கப் போகிறவர் மரியாதையில் பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்று மெய்யாகவே பதறுகிறார். அந்த நடிகர் இதை நகைச்சுவையாக எண்ணி நடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் தொழிலில் அக்கறையுள்ள ஒருவரின் பதற்றமாகவே அவர் அதைச் செய்கிறார்.

நடுவில் வரும் தோட்டக் காட்சியை இரண்டு முறை பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். புகைப்படக்கலையில் ஈடுபாடுள்ள உறவினர் ஒருவரின் இருட்டறை விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பெட்ரோலை ஊற்றி வைத்துவிட்டு, லூயி அவருடைய மனைவியோடு அமர்ந்து தேநீர் அருந்துகிறான். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது; பின்னணியில் புகை மெல்ல எழுகிறது; முன்னால் அந்தக் கணவரின் எதிர்காலத்தைப் பற்றிய உரையாடல் தடையின்றித் தொடர்கிறது. கேமரா புகையை நோக்கி நகர்வதில்லை, இசை எச்சரிப்பதில்லை, எவருடைய முகத்தையும் அண்மைக் காட்சியில் காட்டி இதோ பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. பின்னணி இசையும் நகைச்சுவை நடிகரின் முகபாவமும் சிரிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே அறிவித்துவிடும் படங்களில் வளர்ந்த நமக்கு, இந்த அமைதி முதலில் வெறுமையாகத் தோன்றலாம். சட்டகத்தின் ஓரங்களையும் பின்புறத்தையும் பார்க்கும் வழக்கத்தை வளர்த்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

காதுக்கும் அதே அளவு வேலை உண்டு. லூயியாக நடித்த டென்னிஸ் பிரைஸ், தன் கொலைகளை ஒரு குமாஸ்தா கணக்கு எழுதுவது போன்ற நிதானத்தோடு விவரித்துச் செல்கிறார். வாக்கியம் எவ்வளவு இலக்கண சுத்தமாக இருக்கிறதோ, அவ்வளவு கொடியதாக இருக்கிறது அது சொல்லும் செய்தி. எனவே ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களும் ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது. கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தவறவிட்டால் அந்த இடத்தின் சிரிப்பு முழுவதும் போய்விடும்.

டாஸ்காயின் குடும்பத்தினராக எட்டு வேடங்களில் அலெக் கின்னஸ் ஒருவரே நடித்திருக்கிறார். அவற்றுள் ஒன்று பெண் வேடம். தேவாலயக் காட்சியில் அவர்களில் அறுவர் ஒரே சட்டகத்தில் அமர்ந்திருப்பதைக் காணலாம். கேமராவை அசையாமல் பொருத்தி, சட்டகத்தின் ஒவ்வொரு பகுதியாக ஒரே படச்சுருளில் மீண்டும் மீண்டும் பதிவு செய்து ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் அதை உருவாக்கினார். ஆனால் வித்தை காட்டுவதற்காக மட்டும் இந்த ஏற்பாடு செய்யப்பட்டதாக நான் கருதவில்லை. கொல்லப்படும் எல்லோருக்கும் ஒரே முகச்சாயல் இருப்பதால் நாம் தனி மனிதர்களுக்காக வருந்துவது குறைந்து, ஒரு வர்க்கம் சரிவதைப் பார்ப்பவர்களாக மாறிவிடுகிறோம். பிறப்பால் வரும் பட்டம், பேச்சு வழக்கிலேயே வெளிப்பட்டுவிடும் குடும்ப அந்தஸ்து ஆகியவற்றை மனத்தில் கொண்டால் இந்த மரபின் பாதிப் படங்கள் விளங்கிவிடும்.

அடுத்ததாக அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக் இயக்கிய ‘தி லேடிகில்லர்ஸ்’. இதுவும் ஈலிங் படைப்புதான், 1955-இல் வெளிவந்தது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகே, போர்க்காலக் குண்டுவீச்சில் நிலைகுலைந்து சுவரில் படங்கள்கூட நேராகத் தொங்காத ஒரு வீட்டில் தனியே வாழும் மூதாட்டியிடம், இசைக்குழுவினர் என்று பொய் சொல்லி ஐந்து கொள்ளையர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய உண்மை வெளிப்படும் வேளையில் மூதாட்டியின் தோழியர் தேநீருக்கு வந்துவிட, கொள்ளையர்கள் அந்தக் கூட்டத்தில் நல்ல பிள்ளைகளாகக் கலந்துகொள்ள நேர்கிறது. கேட்டி ஜான்சன் நடித்த அந்த மூதாட்டியின் குரல் ஒருபோதும் உயர்வதில்லை. இருந்தும் அவர் கண்டிக்கும்போது முரடர்கள் தலைகுனிகிறார்கள். இங்கே நாகரிகம் ஓர் ஆயுதமாகவே ஆகிவிடுகிறது. முன்னைய படத்தின் குளிர்ச்சி பிடிக்காதவர்களுக்கும் இது பிடிக்கும். குழப்பமிருந்தால் இதிலிருந்தே தொடங்கலாம்.

இவ்விரண்டுக்கும் பிறகு அண்மைக் காலத்துக்கு வாருங்கள். மார்ட்டின் மெக்டோனாவின் ‘இன் புரூஜ்’ (2008) படத்தில் இரத்தமும் வசைச் சொற்களும் ஏராளம். ஆயினும் கர்ப்பிணியான விடுதி உரிமையாளர் மாடிப்படியில் வழியை மறித்து நிற்க, கொல்ல வந்தவனும் தப்ப வேண்டியவனும் அவருக்கு எந்தத் தீங்கும் நேராதபடி, யார் எந்த வழியாக வெளியேறுவது என்று பேசி முடிவு செய்யும் காட்சியில், 1949-இன் தேநீர் மேசை அப்படியே திரும்பி வருகிறது. பென் வீட்லியின் ‘சைட்சீயர்ஸ்’ (2012) படத்தில் கேரவனில் சுற்றுலா செல்லும் ஒருவன், டிராம் அருங்காட்சியகத்தில் குப்பை போட்ட மனிதர் மீது கொள்ளும் கோபம் கொலையில் முடிகிறது. பொது ஒழுங்கின் மீதான பற்றே வெறியாக மாறும் இந்தப் படத்தில் அன்பு மிகக் குறைவு. எனவே இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பாருங்கள். தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடும் பிரிட்டிஷ் இளைஞர்களைப் பற்றிய கிறிஸ் மாரிஸின் ‘ஃபோர் லயன்ஸ்’ (2010) படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நலம். அதன் இறுதிப் பகுதியில் சிரிப்பும் துயரமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். அதைத் தாங்குவதற்கு முந்தைய படங்கள் தரும் பழக்கம் உதவும்.

பழைய படங்கள் இரண்டையும் வீட்டில் பெரியவர்களோடும் பதின்ம வயதினரோடும் சேர்ந்து பார்க்கலாம். பின்னையவை வயது வந்தோருக்கானவை. அண்மையில் துக்கம் நேர்ந்த வீட்டில் இவற்றில் எதையும் போட வேண்டாம்.

‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ படத்தைத் தேடும்போது பிரிட்டிஷ் பிரதிதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்நாளைய அமெரிக்கத் தணிக்கை விதிகளுக்காக அங்கு வெளியான பிரதியின் முடிவில், ஐயத்துக்கு இடமில்லாமல் செய்யும் சில நொடிகள் சேர்க்கப்பட்டன. ஹேமர் எதைச் சொல்லாமல் விட்டாரோ அதை அந்த நொடிகள் சொல்லிவிடுகின்றன.