லண்டனில் செகண்டரி பாடசாலை விண்ணப்பம்: ஆறு தெரிவையும் எந்த ஒழுங்கில் போடுவது?

பிள்ளை ஆரம்பப் பாடசாலையின் கடைசி வருடமான இயர் 6க்குப் போனதும், விண்ணப்பத்தில் ஆறு பாடசாலையை எந்த ஒழுங்கில் போடுவது என்ற பேச்சு செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கோயிலில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில், ரியூசன் முடியும்வரை காத்து நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "முதலாவதாகப் போடாவிட்டால் அந்தப் பாடசாலை எடுக்காது." "ஒன்றை மட்டும் போடுங்கோ, அப்பதான் கவுன்சில் அதையே தரும்." இரண்டுமே பிழை. அதிலும் இரண்டாவதை நம்பினால் முடிவு வரும் மார்ச் மாதம் கஷ்டப்படப் போவது பிள்ளைதான்.

இங்கிலாந்தில் இப்போது எல்லாத் தெரிவும் சமம். முன்பு சில பாடசாலைகள் தங்களை முதலாவதாகப் போட்டவர்களுக்கே முன்னுரிமை கொடுத்தது உண்மை, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை விதிக்கோவை அதைத் தடை செய்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்துப் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. இன்று நீங்கள் ஆறு பாடசாலை போட்டால் ஆறும் உங்கள் பிள்ளையைப் பரிசீலிக்க வேண்டும், எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு தூரம், சில இடங்களில் சமயம் அல்லது சோதனைப் புள்ளி என்று தன் விதிப்படி ஒவ்வொரு பாடசாலையும் விண்ணப்பித்த எல்லாரையும் வரிசைப்படுத்தும். உங்கள் பிள்ளைக்கு 2ஆவது, 4ஆவது, 5ஆவது தெரிவுகளில் இடம் வருகிறது என்று வையுங்கள். கவுன்சில் 2ஆவதை உங்களுக்குத் தந்துவிட்டு, மற்ற இரண்டு இடங்களையும் அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும்.

அப்படியென்றால் ஒழுங்குக்கு இருப்பது ஒரே வேலை: ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கிடைக்கக்கூடியதாக இருந்தால் எது உங்களுக்கு என்று தீர்மானிப்பது. அதனால் உண்மையிலேயே விருப்பமானதை மேலே போடுங்கள், கிடைக்குமோ தெரியாது என்றாலும் போடுங்கள். கிடைக்காத பாடசாலையை 1ஆவதாகப் போட்டதால் 3ஆவது பாடசாலையில் உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆனால் "இதுதான் நிச்சயம்" என்று பயந்து அதையே 1ஆவதாகப் போட்டால், விருப்பமானது கிடைக்க இருந்தாலும் அது உங்களைத் தேடி வராது.

சோதனை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் கிராமர் பாடசாலை விஷயம் எங்கள் ஆட்களுக்குத் தனி விஷயம்தான். அதற்கான லெவன் பிளஸ் சோதனை பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும், முடிவு பொதுவாக விண்ணப்பத்தின் கடைசித் திகதியான ஒக்டோபர் 31க்கு முன்பே வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு ஒழுங்கைப் போடலாம். பாஸ் என்றால் இடம் என்று அர்த்தம் இல்லை, பல இடங்களில் புள்ளி வரிசையும் வீட்டு முகவரியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பாஸ் பண்ணிய பிள்ளைக்கும் விண்ணப்பத்தில் அந்தப் பாடசாலையின் பெயர் இல்லாவிட்டால் இடம் வராது. இன்னொன்று, பெயருக்காக மட்டும் கிராமரை மேலே போடாதீர்கள். குளிர்கால விடியலில் இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணித்தியாலம் போய், இருட்டின பிறகு வீடு வரும் ஏழு வருடத்தைத் தாங்கப் போவது பதினொரு வயதுப் பிள்ளை. ஒரு வார நாள் காலையில் பிள்ளையோடு அந்தப் பயணத்தைப் போய்ப் பாருங்கள், பிறகு பிள்ளையிடமே கேளுங்கள்.

சரி, இனிக் கீழ்ப்பகுதி. இங்கேதான் கவனம் வேண்டும். ஆறில் ஒன்றாவது கிட்டத்தட்ட நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு கவுன்சிலும் வருடாவருடம் சேர்க்கைக் கையேடு வெளியிடும், அதில் கடைசி இடம் எவ்வளவு தூரத்தில் இருந்த பிள்ளைக்குப் போனது என்று ஒரு அட்டவணை இருக்கும். போன வருடம் 0.9 மைலில் முடிந்திருந்து உங்கள் வீடு 0.4 மைல் என்றால் நிம்மதி. 0.85 என்றால் அதை நம்பி இருக்கவேண்டாம், ஒரே தெருவில் நாலு அண்ணன் தம்பி கூடச் சேர்ந்தாலே அந்த எல்லை உள்ளே வந்துவிடும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடம் பாருங்கள். தூரத்தையும் கூகுள் மேப்பில் அளக்காதீர்கள், பல கவுன்சில்கள் நேர்கோட்டில் அளக்கின்றன, சில நடைபாதை வழியாக.

இடத்தை வெறுமையாக விட்டால் பலம் கூடும் என்பதும் கட்டுக்கதை. போட்ட எதுவும் கிடைக்காவிட்டால், எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அனுப்புவார்கள், அது ஊரின் மறுகோடியாகவும் இருக்கலாம். அதற்காக அனுப்பவே மாட்டேன் என்ற பாடசாலையைப் போட்டு நிரப்பவும் வேண்டாம், போட்டது எதுவும் வரலாம்.

நீங்கள் வசிக்கும் கவுன்சிலூடாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டு ரெட்பிரிட்ஜ் பாடசாலையைக் கேட்டாலும் விண்ணப்பம் நியூஹாம் கவுன்சிலுக்குத்தான். கத்தோலிக்கப் பாடசாலை என்றால் பெரும்பாலும் துணைப் படிவம் ஒன்றைப் பாடசாலைக்கே தனியாகக் கொடுக்கவேண்டும், பாதரின் கையொப்பமும் கேட்பார்கள், அதைக் கடைசி வாரத்தில் தேடி ஓடாதீர்கள். ஒன்லைனில் எல்லாம் நிரப்பி சேவ் பண்ணிவிட்டு சப்மிட் அழுத்தாமல் விட்டால் விண்ணப்பம் போகாது, உறுதிப்படுத்தும் ஈமெயில் வந்ததா என்று பாருங்கள். ஒக்டோபர் 31க்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒழுங்கை மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்ப சப்மிட் பண்ணவேண்டும்.

மார்ச் 1இல், அது சனி ஞாயிறு என்றால் அடுத்த வேலை நாளில், முடிவு வரும். பிடிக்காதது வந்தாலும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டதால் மேலே இருந்த பாடசாலைகளின் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் இடமோ அப்பீல் உரிமையோ போகாது, மறுத்தால்தான் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கவேண்டி வரும். சில கவுன்சில்கள் மேல் தெரிவுகளின் பட்டியலில் தாங்களே பெயரைச் சேர்க்கும், சிலவற்றில் கேட்டால்தான் சேர்க்கும், போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். அந்தப் பட்டியல் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை, அதே விதிப்படிதான் ஓடும், அதனால் உங்கள் எண் கீழேயும் போகலாம். டிசம்பர் 31 வரையாவது அதைப் பாடசாலை வைத்திருக்கவேண்டும், செப்டம்பர் முதல் வாரத்தில் வராத பிள்ளைகளின் இடம்கூட அதிலிருந்துதான் நிரம்பும்.