படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை: தனியாக வாழும் முதியவருக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி?

வயதானவருக்காக வீட்டை மாற்றப் போகிறோம் என்றதும் பலர் முதலில் தேடுவது கேமராவையும் ஸ்மார்ட் வாட்ச்சையும்தான். அவை பெரும்பாலும் விழுந்த பிறகு கைகொடுப்பவை. விழாமல் காப்பது கைப்பிடிக் கம்பியும் விளக்கும் சரியான உயரமும். அதனால் மின்னணு சமாச்சாரம் இங்கே கடைசியில்தான் வரும். வீடு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றவும் வேண்டாம். இரவில் எழுந்து பாத்ரூம் போய்வரும் அந்த ஒரு பாதையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம்.

படி 1: கூடவே நடந்து பாருங்கள்

அவரிடம் சொல்லிவிட்டு, இரவில், வழக்கமாக எரியும் விளக்கு மட்டும் எரியும்போது அவரைப் படுக்கையிலிருந்து எழுந்து பாத்ரூம் போய்வரச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நடந்தால் போதும். அறிவுரை வேண்டாம். "அங்க பிடிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் நடை மாறிவிடும். அவர் கை எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். சுவர், கதவு விளிம்பு, துண்டு மாட்டும் கம்பி, வாஷ்பேசின் என்று கை பட்ட இடங்களில் பென்சிலால் குறி போடுங்கள். கம்பி மாட்ட வேண்டிய இடங்களை அவரே காட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். வீடு அவருடையது, முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். கேட்காமல் மாட்டிய கம்பியில் கடைசியில் ஈரத்துணிதான் காயும்.

படி 2: கட்டில்

ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். இடுப்பு, முட்டியின் மட்டத்திலோ அதைவிடச் சற்று மேலேயோ இருந்தால் எழுவது சுலபம். தாழ்வான கட்டிலை, கால் உள்ளே அமரும்படி குழியுள்ள கட்டைகள் வைத்து உயர்த்தலாம். வெறும் செங்கல்லை அடுக்க வேண்டாம், நகர்ந்துவிடும்.

படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாகவே எடுத்துக்கொள்வார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரைப் பாருங்கள். இதைக் கம்பியால் சரிசெய்ய முடியாது.

படி 3: வெளிச்சம்

60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இருட்டுக்குக் கண் பழகவும் அதிக நேரம் ஆகும். அதற்காக நடுராத்திரியில் டியூப்லைட்டைப் போட்டால் கண் கூசி, அணைத்த பிறகு ஒன்றுமே தெரியாது.

ஆள் அசைந்தால் தானே எரியும் மோஷன் சென்சார் விளக்குகளை, தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள், மஞ்சள் ஒளியில் வையுங்கள். முதல் விளக்கு, கால் தரையைத் தொடும்போதே எரிய வேண்டும். வழியில் கிடக்கும் ஒயர், நழுவும் மிதியடி இரண்டையும் எடுத்துவிடுங்கள். நிலைப்படி இருந்தால் அதன் விளிம்பில் தரையின் நிறத்துக்கு நேரெதிரான நிறத்தில் பட்டை ஒட்டுங்கள்.

படி 4: பாத்ரூம்

பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

கமோடின் பக்கத்தில் படுக்கைவாட்டுக் கம்பிக்குப் பரவலாகச் சொல்லப்படும் உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். அது பொது அளவு. உங்கள் வீட்டு முதியவர் குள்ளமானவர் என்றால், உட்கார்ந்து எழும்போது அவர் கை இயல்பாகப் போகும் உயரமே சரி. கம்பியின் தடிமன் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் பிடி நிற்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும்.

மாட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. டைல்ஸை மட்டும் துளைத்துத் திருகினால் போதாது, ஆங்கர் போல்ட் உள்ளே இருக்கும் செங்கல்லையோ கான்கிரீட்டையோ பிடித்திருக்க வேண்டும். மாட்டியதும் உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். 110 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உறிஞ்சி ஒட்டும் ரப்பர் வைத்த கம்பிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளே காற்று மெல்ல மெல்லப் புகுந்து பிடி தளர்வது வெளியே தெரியாது, எடை விழும்போதுதான் கழன்று வரும்.

கமோடு இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருந்தால் முட்டிக்கு நிம்மதி. தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி கிடைக்கிறது. குளிக்க, ரப்பர் கால் வைத்த நாற்காலியும் கையில் பிடிக்கும் ஷவரும் போதும். குழாயில் வரும் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை வெந்துபோகச் செய்யும்.

நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது கதவை. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துவிடும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

படி 5: போன்

எழுத்தைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது, தொட்டு அழுத்தும் நேரத்தை நீட்டும் வசதி. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளுக்குள் அது இருக்கிறது. கை நடுங்குபவருக்கு அதுவே பெரிய விடுதலை. முகப்பில் நான்கைந்து பேரின் படங்களை மட்டும் வைத்து, தொட்டாலே அழைப்பு போகும்படி செய்யுங்கள்.

படி 6: உதவி கேட்கும் கருவி

விழுந்ததைக் கண்டுபிடிக்கும் கடிகாரங்கள், திடீர் அசைவையும் அதைத் தொடரும் மோதலையும் வைத்து ஊகிக்கின்றன. சுவரோடு சரிந்து மெதுவாக உட்கார்ந்துவிட்டால் பல நேரம் அவற்றுக்குத் தெரியாது. ஆப்பிள் வாட்ச்சில் 55 வயதுக்குக் குறைந்தவர் என்று பதிவாகியிருந்தால் இந்த வசதி முழுநேரமும் இயங்க நாமே அதை இயக்கிவிட வேண்டும். வயது தப்பாகப் பதிந்திருக்கிறதா பாருங்கள். சார்ஜ் போடும் நேரம் பகலில், அவர் உட்கார்ந்திருக்கும் பொழுதாக இருக்கட்டும். பலரும் இரவில் கழற்றி வைத்துவிடுகிறார்கள், தேவையோ அப்போதுதான்.

எனக்குக் கழுத்திலோ மணிக்கட்டிலோ போடும், தண்ணீர் படலாம் என்ற வகை அழைப்புப் பொத்தான்தான் பிடிக்கும். படுக்கையறையிலும் பாத்ரூமிலும் கேமரா கூடவே கூடாது. காலையில் கதவு திறந்ததா என்று சொல்லும் சின்ன சென்சார் அந்த வேலையைச் செய்துவிடும்.

வாங்கியதோடு விடாமல் ஒத்திகை பாருங்கள். நீங்களே பாத்ரூம் தரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துங்கள். யாருக்கு அழைப்பு போகிறது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, வருபவரிடம் வாசல் கதவின் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். சாவி இல்லையென்றால், அன்றைக்கே இன்னொன்று செய்து பக்கத்தில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள்.