சைவத்திலிருந்து நனிசைவத்துக்கு மாறுவது எப்படி?

இறைச்சியும் மீனும் உண்ணாதவர் சைவ உணவுக்காரர். முட்டையைப் பற்றி அவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. பால், வெண்ணெய், முட்டை, தேன் அனைத்தையும் விலக்கி, தோல், கம்பளி, பட்டு ஆகியவற்றையும் கூடியவரை தவிர்ப்பவர் நனிசைவர், அதாவது வீகன். பால் அருந்தும் சைவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டவே, 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் வீகன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர்.

மாற விரும்புவோர் முதலில் பொட்டலங்களின் பின்புறத்தைப் படிக்கப் பழக வேண்டும். கேசீன், வே என்றிருந்தால் அது பாலிலிருந்து வந்தது. பளபளப்பான மிட்டாயின் மேற்பூச்சாக இருக்கும் ஷெல்லாக், அரக்குப் பூச்சியிலிருந்து கிடைப்பது. ஜெலட்டினோ விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பதாதலால் சைவத்திலேயே சேராது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைத்த பாலாடைக்கட்டியும் அப்படியே. பல சைவர்கள் இதை அறியாமலே உண்கிறார்கள்.

பாலை நிறுத்தியதும் வைட்டமின் பி12க்கு வழி தேட வேண்டும். தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. ஆகவே செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ மருத்துவரைக் கேட்டுத் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இதில் சமரசம் கூடாது. வீட்டிலுள்ள பழைய தோல் செருப்பைத் தூக்கியெறிய வேண்டியதில்லை என்பது என் கருத்து. அது தேய்ந்தபின் வேறு வாங்கினால் போதும்.