சிகாகோ துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன: கணக்கைப் படிக்கும் முறை

"சிகாகோவில் துப்பாக்கிச் சட்டம் கடுமை, ஆனாலும் துப்பாக்கிச்சூடு ஓயவில்லையே" என்பது ஒரு தரப்பு. "துப்பாக்கி பக்கத்து மாநிலமான இந்தியானாவிலிருந்தல்லவா வருகிறது" என்பது மறுதரப்பு. இருவரும் நம்புவது ஏ.டி.எஃப். எனும் அமெரிக்க மத்திய அரசின் துப்பாக்கிக் கண்காணிப்பு அமைப்பின் தடமறிதல் கணக்கைத்தான்; பிடிபட்ட துப்பாக்கி முதலில் எங்கே விற்கப்பட்டது என்று தேடும் கணக்கு அது. அதை வைத்து வாதாடும் முன், அது உருவாகும் விதத்தைப் பாருங்கள்.

பிடிபட்ட துப்பாக்கியின் வரிசை எண், தயாரிப்பாளர், மாடல், காலிபர் (குழல் விட்ட அளவு) ஆகியவற்றைப் போலீஸ் மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்க்கிலுள்ள ஏ.டி.எஃப். மையத்துக்கு அனுப்பும். உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டுக்கு 1986 சட்டம் தடை போட்டிருக்கிறது. எனவே தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என ஒவ்வொருவராக விசாரித்து, கடையில் வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் கையெழுத்திட்டவரைக் கண்டுபிடிப்பார்கள். தடம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதன்பின் திருடு போனதா, கைமாறியதா என்பது அட்டவணையில் இருக்காது. 'இந்தியானா' என்றால் முதல் சில்லறை விற்பனை அங்கே நடந்தது, அவ்வளவுதான். வரிசை எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலே தடம் தவறிவிடும்.

சதவீதத்தைப் பார்த்ததும், எதில் சதவீதம் என்று கேளுங்கள். சிகாகோ நகராட்சியின் 2017 அறிக்கையில், தடம் கிடைத்தவற்றில் சுமார் 60% வெளிமாநிலத்தவை. இந்தியானா மட்டும் 21%. மீதி சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலக் கடைகளில் விற்றவை. அதாவது தனி மாநிலமாக முதலிடம் இல்லினாய்க்கே! இதை இரு தரப்புமே விட்டுவிடுவது சரியல்ல.

அடுத்து, முதல் விற்பனைக்கும் பிடிபட்ட நாளுக்கும் இடைப்பட்ட காலம். 3 ஆண்டுக்குள் என்றால் கடத்தலைச் சந்தேகிக்கலாம். வெளிமாநிலத்தவருக்குக் கடைக்காரர் கைத்துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்பதால், உள்ளூர் பினாமியை வைத்து வாங்குவார்கள். இடைவெளி நீண்டால் திருட்டு, தனியார் விற்பனை எதுவாகவும் இருக்கலாம்.

திருட்டின் அளவை இந்தக் கணக்கில் தேடாதீர்கள். உரிமம் பெற்ற டீலர் தன் சரக்கு திருடு போனதைக் கண்டறிந்த 48 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். தனிநபருக்கு அப்படியொரு கட்டாயம் மத்தியச் சட்டத்தில் இல்லை. சில மாநிலங்களில் மட்டுமே உண்டு. ஆகவே புகார் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே காட்டும்.

துப்பாக்கி வைத்திருப்பவரானால் வரிசை எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். எண் இல்லாத புகாரை நாடு முழுவதும் போலீஸ் பார்க்கும் எஃப்.பி.ஐ.யின் என்.சி.ஐ.சி. குற்றத் தரவுத்தளத்தில் ஏற்ற முடியாது. வேறு மாநிலத்தில் அதே துப்பாக்கி சிக்கினாலும் திருட்டுப்பொருள் என்று அங்குள்ள போலீசுக்குத் தெரியாது.