வெரிகோஸ் வெயின்: புடைப்பைப் பார்க்கிறோம், வால்வை மறந்துவிடுகிறோம்

காலில் நீலமாக நெளிந்து புடைத்துக்கொண்டு நிற்கிற ரத்தக்குழாயைக் காட்டி ‘இதுதான் வெரிகோஸ்’ என்கிறோம். ஆனால் அந்தப் புடைப்பு விளைவுதான். கோளாறு இருப்பது பெரும்பாலும் அதற்கு மேலே, தொடை இடுக்கிலோ முட்டிக்குப் பின்னாலோ, வெளியே தெரியாத ஒரு வால்வில். இந்த விஷயத்தில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுப்பதால் வருவதுதான்.

காலுக்கு வந்த ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏறிப் போக வேண்டும். நடக்கும்போது ஆடுசதை இறுகி, ஆழத்தில் இருக்கிற சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்களை, பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சதை தளரும்போது ரத்தம் திரும்பிக் கீழே விழாமல் வால்வுகள் மூடிக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நல்ல காலில் நாலு அடி நடந்ததுமே அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் அப்படி இறங்காது. நடந்தாலும் அழுத்தம், நின்றாலும் அழுத்தம். தோலுக்கு அடியில் இருக்கிற சிரைக்குச் சுற்றிலும் சதையின் ஆதரவு இல்லாததால் அது வீங்கி நெளிகிறது. அவ்வளவுதான் கதை. பரம்பரை, வயது, பிரசவங்கள், உடல் எடை, நின்றுகொண்டே பார்க்கிற வேலை, முன்பு எப்போதோ ஆழ்சிரையில் கட்டிய ரத்தக்கட்டி, இவையெல்லாம் வால்வைக் கெடுக்கக் கூடியவை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ரொம்பக் கவலைப்படாதீர்கள்.

முதல் தவறு, புடைப்பு பெரியதா சின்னதா என்று பார்த்து ஆபத்தை அளப்பது. விரல் தடிமனுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கிற சிரையோடு, பல வருஷம் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொருவருக்கு வெளியே ஒன்றுமே பெரிதாகத் தெரியாது, ஆனால் உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குத் தோல் பழுப்பாகி, லேசாக மின்னி, தொட்டால் பலகை மாதிரி இறுகியிருக்கும். அவசரமாகக் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது கால். அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்பு தோலில் படிந்ததுதான் அந்தப் பழுப்பு. மருத்துவர்கள் இந்த நோயைச் சி-0 முதல் சி-6 வரை படி போட்டுப் பிரிக்கிறார்கள். மயிரிழை போன்ற சிலந்திக் கோடுகள் 1, நின்ற நிலையில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான சிரை 2, வீக்கம் 3, தோல் மாற்றம் 4, வந்து ஆறின புண் 5, ஆறாத புண் 6. கவனித்தீர்களா, 2-ஆம் படிக்கு அப்புறம் புடைப்பின் அளவு கணக்கிலேயே இல்லை. வீக்கத்தையும் தோலையும்தான் பார்க்கிறார்கள்.

அந்த 4-ஆம் படியில்தான் அநியாயத்துக்கு நேரம் வீணாகிறது. கணுக்கால் பக்கம் அரிக்கும், சொறிந்தால் தோல் உரியும், கொஞ்சம் நீர் கசியும். ஏதோ படை, ஒவ்வாமை என்று நினைத்து ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடுவோம். பத்து நாள் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். காரணம் மேலே இருக்கிற வால்வு என்று யாரும் சொல்லாவிட்டால் இது வருஷக்கணக்கில் ஓடும். குழாய் மேலே ஒழுக, கீழே தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போலத்தான். களிம்பே கூடாது என்று சொல்லவில்லை, எரிச்சலை அடக்க மருத்துவரே கொஞ்ச நாளைக்குத் தருவார். அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு. ஒருநாள் நகம் பட்டு உரிந்த இடம் புண்ணாகும், அது ஆறாது. அப்போதும் ‘புண் ஆறட்டும், அப்புறம் சிரையைப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. 2018-இல் வெளியான எவ்ரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு அதை மாற்றியது. கட்டுப் போடுவதோடு கெட்ட சிரையையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற நடுத்தரமாக 56 நாள் ஆனது. அதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவது, அட்டை விடுவது, ‘அடைப்பைக் கரைக்கும்’ என்று விற்கிற ஜெல், இவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எதுவும் வால்வைத் திரும்பத் தைத்துத் தராது. அதுவும் சிரையில் ரத்தம் உறைந்து சூடாக, சிவந்து, கயிறு மாதிரித் தடித்திருக்கும்போது அழுத்தித் தேய்ப்பது நிஜமாகவே ஆபத்து. இது ரத்தக்குழாய்ப் பிரச்சினை என்பதால் நரம்புச்சத்து மாத்திரைக்கும் இங்கே வேலை இல்லை. டயோஸ்மின் வகை மாத்திரைகள் சிலருக்குக் கனம், வீக்கம் இவற்றைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் நெளிந்த சிரை நெளிந்தபடியேதான் இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. காலில் வெரிகோஸ் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் கால் எங்கே வலித்தாலும் பழியை அதன்மேல் போடுவது. இந்த வலிக்கு ஒரு சுபாவம் இருக்கிறது: காலையில் குறைவு, நின்று நின்று சாயங்காலம் கனத்துப்போகும், காலை உயர்த்திப் படுத்தால் அடங்கும், நடந்தால் பெரும்பாலும் இதமாக இருக்கும், ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் விடுகிறது என்றால் அது தமனி (காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய்) அடைப்பாக இருக்கலாம், வேறு வியாதி, வேறு வைத்தியம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துவது, இடுப்பிலிருந்து மின்சாரம் போல இறங்குவது, மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிப்பது, இதையெல்லாம் கெட்ட சிரையை அடைக்கிற லேசர் சிகிச்சை சரிசெய்யாது. செய்துகொண்ட பிறகு ‘வலி அப்படியே இருக்கிறதே’ என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ரகம். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற அம்லோடிபின் மாத்திரை, இவற்றையும் யோசிக்க வேண்டும்.

சரி, ஸ்கேன். இதில் ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: வால்வைச் சோதிக்கிற, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேனை நின்ற நிலையில் எடுக்க வேண்டும். நீங்கள் எதையாவது பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை மற்ற காலில் போட்டு நிற்பீர்கள். பரிசோதிப்பவர் தொடை இடுக்கில் கருவியை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆடுசதையை ஒரு தடவை பிழிந்து விடுவார். திரையில் ஒரு நிறம் மேலே பாயும். கையை எடுத்ததும் நல்ல வால்வு டக்கென்று மூடி நிறம் நின்றுபோகும். கெட்ட வால்வாக இருந்தால் எதிர்நிறம் கீழே வழியும். தோலடிச் சிரையில் அரை நொடிக்கு மேல் வழிந்தால் வால்வு கெட்டது என்று கணக்கு. மல்லாந்து படுத்த நிலையில் மட்டும் எடுத்தால் ரத்தக்கட்டி தெரியும், ஆனால் இந்தக் கசிவு தப்பிவிடலாம். எந்தச் சிரை, எங்கே ஆரம்பித்து எங்கே வரை, ஆழ்சிரை நன்றாக இருக்கிறதா, இந்த மூன்றும் எழுதாத அறிக்கையை வைத்துக்கொண்டு சிகிச்சைக்குத் தேதி வாங்காதீர்கள். ஆழ்சிரை பழைய கட்டியால் அடைபட்டிருந்தால், வெளியே புடைத்திருக்கிற அந்தச் சிரையே ரத்தம் போகிற மாற்றுப் பாதையாக இருக்கலாம். அதை மூடினால் கால் இன்னும் மோசமாகும்.

காலை இறுக்கிப் பிடிக்கிற உறையான ஸ்டாக்கிங்ஸைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனென்றால் வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டில் அலமாரியில்தான் வைத்திருப்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற வெள்ளை உறை வேறு. அது படுக்கையில் ரத்தக்கட்டி வராமல் இருக்க, அழுத்தம் குறைவு. நடமாடுகிறவருக்கு வழக்கமாக எழுதித் தருவது கணுக்காலில் 20 முதல் 30 மி.மீ. அழுத்தம் தருவது, மேலே போகப் போகத் தளர்வது. அளவு எடுக்க வேண்டியது காலையில், வீக்கம் வருமுன். சாயங்காலம் வீங்கின காலை அளந்து வாங்கினால் மறுநாள் தொளதொள என்றிருக்கும். போடுவதும் படுக்கையை விட்டு எழுந்த கையோடு. இழுத்துப் போராட வேண்டாம், குதிகால் பை வரைக்கும் உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விரல்களை நுழைத்து, குதிகாலைப் பையில் சரியாக உட்காரவைத்து, அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவிக்கொண்டே ஏற்றுங்கள். கையில் ரப்பர் கையுறை இருந்தால் பிடி கிடைக்கும், நகம் பட்டுக் கிழியாது. நீளம் அதிகமென்று மேல் விளிம்பை மடித்துவிடுவதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம், இரட்டைத் துணி முட்டிக்குக் கீழே இறுக்கி ரத்தத்தை அங்கேயே நிறுத்திவிடும். ராத்திரி கழற்றிவிடலாம். தினம் போட்டால் சில மாதங்களில் இறுக்கம் போய்விடும், வேறு வாங்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்கள், புகைப்பவர்கள், பாதம் எப்போதும் சில்லிட்டிருப்பவர்கள் முதலில் தமனி ஓட்டத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் குறைவாக வருகிற காலில் இறுக்கமான உறை போட்டால் தோலே அழுகலாம்.

அதே சமயம், ஸ்டாக்கிங்ஸ் போட்டால் நோய் குணமாகும் என்று நினைப்பதும் தவறுதான். போட்டிருக்கும் வரை உதவும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொந்தரவு தருகிற வெரிகோஸுக்கு முதலில் வெப்பத்தால் சிரையை அடைப்பது, அது ஒத்துவராவிட்டால் மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்துகிற நுரை ஊசி, அதுவும் முடியாவிட்டால் அறுவை என்று வரிசை சொல்கிறது. வேறு சிகிச்சைக்கு வழியில்லை என்றால்தான் வெறும் உறை.

இங்கே வருகிற பயம் ஒன்று: ‘சிரையை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்?’ காலின் ரத்தத்தில் பெரும்பங்கு ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. கெட்ட தோலடிச் சிரை ரத்தத்தை மேலே கொண்டுபோவதை விடக் கீழே திருப்பி அனுப்புவதுதான் அதிகம், மூடினால் காலுக்குச் சுமை குறையும். ‘நாளைக்கு பைபாஸுக்குத் தேவைப்படுமே’ என்றும் சொல்வார்கள். வீங்கி நெளிந்துபோன சிரை அதற்கு லாயக்கில்லை. நல்ல நிலையில் இருக்கிற சிரையை யாரும் மூடப் போவதும் இல்லை. வெப்பத்தால் அடைக்கிற லேசர், ரேடியோ அலை இரண்டுமே ஊசித் துளை வழியாக, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பண்ணுவது. ரேடியோ அலையில், சிரைக்குள் செலுத்துகிற மெல்லிய குழாயின் முனை 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, சிரையின் சுவரைச் சுருக்கி ஒட்டிவிடும். சிரையைப் பசையால் ஒட்டுகிற முறையில் சூடே இல்லை. எது உயர்ந்தது என்று சண்டை போடுவதை விட, எந்தச் சிரையை மூட வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியம் என்பது என் அபிப்பிராயம். அழகுக்காகச் சிலந்திக் கோடுகளுக்கு மட்டும் ஊசி போட்டு, மேலே கசிகிற பெரிய சிரையை விட்டுவிட்டால் கோடுகள் சீக்கிரமே திரும்ப வரும்.

கர்ப்ப காலத்தில் வருகிறதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் நன்றாகச் சுருங்கிவிடும். அதுவரை உறை, நடை, காலை உயர்த்தி ஓய்வு. உயர்த்துவது என்றால் முக்காலியில் கால் வைப்பது இல்லை, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே போக வேண்டும்.

சிகிச்சை முடிந்தபின் படுத்தே கிடப்பது அடுத்த தவறு. அன்றைக்கே நடக்கச் சொல்வார்கள், நடங்கள், ஆடுசதை வேலை செய்தால்தான் ஆழ்சிரையில் ரத்தம் உறையாது. சிரை வழியே தொடையில் ஏதோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம், நுரை ஊசி போட்ட இடம் சில மாதம் பழுப்பாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. வருஷங்கள் கழித்து வேறு சிரை கெடுவதும் நடக்கும். மூடின சிரை தோற்றுப்போனது என்று அதற்கு எப்போதும் அர்த்தமில்லை, வால்வு கெடுகிற உடல்வாகு அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத மூன்று சமயங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரைக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஸ்கேன்; கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வெரிகோஸ் சிரை சிவந்து கயிறாகத் தடித்து, அந்தத் தடிப்பு தொடைப் பக்கம் ஏறினால் அதுவும் அன்றைக்கே. மூன்றாவது ரத்தப்போக்கு: கணுக்கால் பக்கம் தோல் காகிதமாக மெலிந்த இடத்தில், வெந்நீரில் குளிக்கும்போதோ லேசாக இடித்துக்கொண்டாலோ சிரை உடைந்து ரத்தம் பீச்சும். வலியே இருக்காது என்பதால் ஆட்கள் நின்றபடியோ நாற்காலியில் உட்கார்ந்தபடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், உயிரே போயிருக்கிறது. உடனே தரையில் படுத்து, காலைச் சுவரிலோ நாற்காலியிலோ உயரத் தூக்கி வைத்து, உடைந்த இடத்தின் மேலேயே சுத்தமான துணியால் அழுத்திப் பத்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள். மேலே கயிறு போட்டுக் கட்டாதீர்கள், சிரை ரத்தம் அதனால் இன்னும் கூடும். நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். அதே இடம் திரும்பவும் உடையும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, ஸ்கேனையும் சிகிச்சையையும் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள்.