நியூயார்க் ரெஸ்டாரண்ட் வீக்: பேட்டை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரிக் குளிரில் ஒரு முறையும் ஜூலை வெயிலில் ஒரு முறையும் நியூயார்க் நகரத்தின் நூற்றுக்கணக்கான உணவகங்கள் முன்கூட்டியே அறிவித்த ஒரே சீரான விலையில் சாப்பாடு போடுகின்றன. ரெஸ்டாரண்ட் வீக் என்ற இந்த ஏற்பாடு 1992 ஜூலையில் தொடங்கியது. ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்காக நகரத்தில் வந்திறங்கிய பிரதிநிதிகளையும் பத்திரிகையாளர்களையும் நல்ல உணவகங்களுக்கு இழுப்பதற்காக, உணவகத் தொழிலில் பெயர்பெற்ற ஜோ பாமும் உணவக வழிகாட்டிகளை வெளியிட்டுவந்த டிம் ஸகாட்டும் முன்னின்று இதை நடத்தினார்கள். அன்றைய மதியச் சாப்பாட்டின் விலை, ஆண்டை அப்படியே எழுதியதுபோல, 19 டாலர் 92 சென்ட். இன்று 30, 45, 60 டாலர் என்று மூன்று படிகள் இருக்கின்றன. பெயரில்தான் வாரமே தவிர, நடப்பது பல வாரங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் நியூஜெர்சிக்கும் குயின்ஸுக்கும் வந்து சேரும் நம் ஊர்ப் பெற்றோர்களின் பயணமும் இந்த ஜூலை, ஆகஸ்டில்தான் பெரும்பாலும் அமைகிறது. சுதந்திரதேவி சிலையையும் டைம்ஸ் ஸ்கொயரையும் காட்டி முடித்தபின் என்ன செய்வது என்று விழிக்கும் பிள்ளைகளுக்கு, நகரத்தின் பேட்டைகளைக் காட்ட இது ஒரு நல்ல சாக்கு. அந்தச் சாக்கை எப்படியெல்லாம் வீணாக்கலாம் என்பதை நான் சில ஆண்டுகளாகச் செய்துபார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தாயான தவறு, முதலில் உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது. பட்டியலைத் திறந்தவுடன், வழக்கமாக நூறு டாலர் ஆகும் இடம் அறுபதுக்குக் கிடைக்கிறதே என்று கணக்குப்போட்டு முன்பதிவு செய்கிறோம். பட்டியலில் மன்ஹாட்டன் உணவகங்கள்தாம் நிறைந்திருக்கும் என்பதால், சுரங்க ரயிலிலிருந்து ஏறி, வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, மறுபடி சுரங்க ரயிலில் இறங்கினால் நாள் முடிந்துவிடும். அந்த மேசை சிகாகோவில் இருந்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பேட்டையை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே பட்டியலில் உள்ள கடை எது என்று பிறகு தேட வேண்டும். கிடைத்தது நகரத்தின் மிகச் சிறந்த உணவகமாக இல்லாமல் போகலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

லெக்சிங்டன் அவென்யூவில் 26ஆம் தெருவுக்கும் 30ஆம் தெருவுக்கும் இடையிலான பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள மர்ரி ஹில்லின் பெயரைத் திரித்து ‘கறி ஹில்’ என்று கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தோசைக் கடைகளைப் பார்த்தவுடன் ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று நம்மவர்கள் திரும்பிவிடுவார்கள். ஆனால் 123ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் கலஸ்டியான்ஸ் மளிகைக் கடைக்குள் ஒரு அரைமணி நேரம் செலவிட்டால் அந்தப் பேட்டையின் கதையே கையில் கிடைக்கும். இந்தக் கடையை 1944இல் தொடங்கியவர் ஓர் ஆர்மீனியர். அன்று இந்தச் சுற்றுவட்டாரம் ஆர்மீனியர்களுடையது. கொண்டைக்கடலை, பிஸ்தா, உலர்ந்த எலுமிச்சை என்று அவர்களுக்காக அடுக்கிய அலமாரிகளில், பின்னாளில் நம்முடைய துவரம்பருப்பும் பெருங்காயமும் இடம் பிடித்தன. அவற்றைத் தேடி வந்த இந்தியர்களை நம்பிப் பக்கத்துக் கடைகள் முளைத்தன. போதாததற்கு, 1881 செப்டம்பர் 20 அதிகாலையில், சுடப்பட்டுக் கிடந்த அதிபர் கார்ஃபீல்டு இறந்த செய்தி வந்ததும் துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டதும் இதே கட்டடத்தில்தான், அது அவருடைய வீடாக இருந்தது. இந்தக் கடையில் பெருங்காய டப்பாவோடு வெளியே வந்த என் அப்பா, வாசலில் இருந்த நினைவுப் பலகையை இரண்டு முறை படித்தார். அன்று நாங்கள் சாப்பிட்டது என்ன என்பது எனக்கு நினைவில் இல்லை.

அடுத்த தவறு, பேட்டையின் பெயரை அப்படியே நம்புவது. மன்ஹாட்டனின் லிட்டில் இத்தாலி என்பது இன்று மல்பெரி தெருவை ஒட்டிய சிறு துண்டு. சுற்றிலும் சீனர் பேட்டை வளர்ந்து அதை நெருக்கிவிட்டது. இத்தாலியக் குடும்பங்கள் பரம்பரையாக நடத்தும் கடைகளைக் காண வேண்டுமானால் பிராங்ஸில் உள்ள ஆர்தர் அவென்யூவுக்குப் போக வேண்டும். தெருவில் தள்ளுவண்டியில் விற்றுக்கொண்டிருந்தவர்களை ஒரு கூரைக்குள் கொண்டுவர, மேயர் லகார்டியா காலத்தில் 1940இல் திறந்த சந்தை அங்கே இன்றும் இயங்குகிறது. ஃபோர்டம் ரோடு ரயில் நிலையத்திலிருந்து வெகுநேரம் நடக்க வேண்டும் என்பதால் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். விலங்குக் காட்சிச்சாலையும் தாவரவியல் பூங்காவும் பக்கத்திலேயே இருப்பதால் ஒருநாள் பயணமாக வைத்துக்கொண்டால் அலைச்சல் தெரியாது. அங்கும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்: இத்தாலியப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே, அல்பேனியர்கள் சுடும் புரெக் என்ற அடுக்கு ரொட்டியின் வாசனையும் வரும்.

குயின்ஸில் ஜாக்சன் ஹைட்ஸும் இப்படித்தான். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு, 74ஆம் தெரு புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை என்று இந்தியர்களின் தெருவாயிற்று. அந்தப் பழைய நினைப்போடு போகிறவர்கள், இன்று அங்கே வங்கதேசத்தவரும் நேபாளிகளும் திபெத்தியர்களும்தான் பெரும் கூட்டம் என்பதைக் கவனிப்பதில்லை. சாட் சாப்பிடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் ஒரு தட்டு மோமோ வாங்குங்கள். பாசிப்பயறு மாவுச்சத்தை உறையவைத்துச் சீவி, மிளகாய் எண்ணெய் ஊற்றித் தரும் லாஃபிங்கையும் கேளுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும், காரம் பிறகுதான் தெரியும்.

பட்டியலில் இல்லாத கடை பார்க்கத் தகுந்ததல்ல என்று நினைப்பதும் தவறு. மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று என்று வரிசையாக உணவு பரிமாறும், மேசையும் பரிமாற ஆளும் உள்ள உணவகங்களுக்கு ஏற்றதாகத்தான் இந்தத் திருவிழா அமைந்திருக்கிறது. ஃப்ளஷிங்கின் சீன உணவு அரங்குகளுக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவின் ரயில் பாலத்தடியில் நிற்கும் தள்ளுவண்டிகளுக்கும் இந்த அச்சில் இடமில்லை. ஏழாம் எண் ரயிலின் கடைசி நிலையமான ஃப்ளஷிங்கில் இறங்கி பவுன் தெருவில் நடந்தால், 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயில் வருகிறது. அதன் கேன்டீனில் கிடைக்கும் தோசை எந்த 45 டாலர் மெனுவிலும் கிடையாது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர் ஜான் பவுன். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தம் வீட்டில் கூடி வழிபட விட்டதற்காக டச்சு ஆட்சியாளர்களால் நாடு கடத்தப்பட்டவர். 1657இல் இதே ஊர்மக்கள், குவேக்கர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதியிருந்தார்கள். பவுனின் வீடும் இதே தெருவில் சற்று வடக்கே இருக்கிறது, கோயிலுக்குப் போகிறவர்களில் மிகச் சிலரே அதைப் பார்க்கிறார்கள். ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகுக்குக் கட்டணமே இல்லை. இறங்கி விக்டரி பூல்வார்டு பக்கம் நடந்தால் இலங்கைக் கடைகளில் கொத்து ரொட்டியும் ஆப்பமும் கிடைக்கும்.

இனி பணம். 45 டாலர் என்று போட்டிருந்தால் இருவருக்கு 90 டாலர் என்று நினைத்துப் போகிறவர்கள் பில்லைப் பார்த்து முகம் சுருங்குகிறார்கள். அறிவித்த விலையில் குடிப்பவையும் வரியும் டிப்ஸும் சேராது. எட்டு டாலர் லஸ்ஸி இரண்டு வாங்கினால் 106 ஆகிறது. நகரத்தின் விற்பனை வரி 8.875 சதவீதம் என்பதால் அது 9 டாலர் 41 சென்ட்; இருபது சதவீத டிப்ஸ் 21 டாலர் 20 சென்ட்; ஆக மொத்தம் 136 டாலர் 61 சென்ட். டிப்ஸ் விருப்பப்பட்டால் கொடுப்பது என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது, பரிமாறுகிறவரின் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். லஸ்ஸியை விட்டுவிட்டுத் தண்ணீர் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வரும், அதற்கும் விலை உண்டு. இன்னொன்று, அந்த உணவகத்தின் வழக்கமான மெனுவையும் பார்த்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டை எப்போதுமே 22 டாலருக்குத் தரும் இடத்தில் 30 டாலர் கொடுத்துவிட்டுச் சலுகை என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

நாள் தேர்விலும் தவறு நடக்கிறது. சனிக்கிழமைகள் பொதுவாக இந்தச் சலுகையில் சேராது, ஞாயிறு அந்தந்த உணவகத்தின் விருப்பம். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை வீட்டார் அனைவரையும் கிளப்பிக்கொண்டு போய், வழக்கமான விலையுள்ள மெனுவோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஏம்ப்பா, வாரம்னு சொல்றான், சனிக்கிழமை கிடையாதுங்கறான், இது என்ன வாரம்?” என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கோடைச் சனிக்கிழமை மாலைகளுக்கு, ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் 2015 முதல் நடக்கும் குயின்ஸ் நைட் மார்க்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். சில டாலருக்கு மேல் விலை வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, பல நாட்டுச் சமையலை அவரவரே விற்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் சில வாரங்கள் இடைவெளி விடுவதுண்டு. வாரக் கடைசிகளில் பராமரிப்பு வேலைக்காக ரயில் தடங்கள் மாறுவதும் நிற்பதும் சகஜம் என்பதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்வது அவசியம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மெனுவில் காய்கறிப் பெயர் இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. காய்கறிச் சூப்பைக் கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், சீஸர் சாலட்டின் கலவையில் நெத்திலி இருக்கும். மூன்றே வகைகள் உள்ள திருவிழா மெனுவில் மாற்றிச் செய்துதர இடம் குறைவு, ஆகவே முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. முன்பதிவுக்குக் கடன் அட்டை எண் வாங்கும் இடங்களில், சொல்லாமல் வராமல் போனால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, நேரம். ஜனவரியில் மாலை ஐந்து மணியையொட்டி இருட்டிவிடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்துவிட்டுப் பேட்டை பார்க்கிறேன் என்று போனால் பனிக்காற்றும் இழுத்துமூடிய கடைகளும்தான் மிஞ்சும். குளிர்காலத்தில் மதியச் சாப்பாடே சரி, காலையிலேயே போய் நடந்துவிட்டுப் பசியோடு உட்காரலாம். ஜூலையில் எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால், ஆறு மணிக்கே சாப்பிட உட்கார்ந்து, முடித்துவிட்டு நடக்கலாம். அந்த நேரத்தில் 74ஆம் தெருவில் மாம்பழப் பெட்டிகளை நடைபாதையில் அடுக்கி விற்றுக்கொண்டிருப்பார்கள், பேரம் பேச ஆசைப்படும் அம்மாக்களுக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது.